கேமரா சென்சாரில் படிந்த தூசியைக் கண்டறிவதும் அகற்றுவதும்: மதுரைப் பக்கத்து ஒளிப்படக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையைத் தெளிந்த நீல வானத்தோடு சேர்த்து எஃப்/16-இல் (எஃப் எண் பெரிதாக ஆக, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் சிறிதாகும்) எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, வானத்தில் மட்டும் சாம்பல் நிறப் புள்ளிகள் நான்கைந்து மங்கலாகத் தெரிந்தால், அவை பெரும்பாலும் ஒளியைப் படமாக்கும் சென்சாரின் மேல் படிந்திருக்கும் தூசியின் நிழல்களே. அதே கேமராவைக் கொண்டு அன்று காலையில் அரிட்டாபட்டிப் பாறையில் அமர்ந்திருந்த வல்லூறை எஃப்/5.6-இல் எடுத்திருந்தால், அந்தப் படத்தில் இப்புள்ளிகள் ஏறக்குறைய தெரிந்தே இராது. பறவைகளையும் திருமணங்களையும் மட்டுமே எடுப்பவர்கள் தங்கள் சென்சார் சுத்தமாக இருப்பதாகப் பல மாதங்கள் நம்பிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

சென்சாரில் தூசி என்று நாம் பேச்சு வழக்கில் சொன்னாலும், தூசி சென்சாரின் ஒளி உணரும் பரப்பின் மேல் நேரடியாக உட்காருவதில்லை. அதற்கு முன்னால் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி, மேற்பூச்சுகள் ஆகியவை அடங்கிய ஓர் ஃபில்டர் அடுக்கு இருக்கிறது. நாம் காண்பதும் துடைப்பதும் அந்தக் கண்ணாடியைத்தான். தூசிக்கும் ஒளி உணரும் பரப்புக்கும் இடையே இருக்கும் இந்தச் சிறு இடைவெளியால்தான் அப்பர்ச்சரைப் பொறுத்து நிழல் மாறுகிறது. இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை எஃப் எண்ணால் வகுத்து வருவதே, தோராயமாக, நிழல் பரவும் அகலம். எஃப்/2.8-இல் அது 0.7 மி.மீ. ஆகவும், எஃப்/16-இல் 0.125 மி.மீ. ஆகவும் இருக்கும். 0.05 மி.மீ. அளவுள்ள ஒரு துகள், முதல் நிலையில் அந்தப் பரப்புக்கு வரும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட மறைப்பதில்லை. இரண்டாவது நிலையிலோ ஆறில் ஒரு பங்கை மறைத்துவிடுகிறது. சோதனைப் படத்தை எப்போதும் சிறிய அப்பர்ச்சரில் எடுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நம் ஊர்த் தூசி எப்படிப்பட்டது

மதுரையில் இருந்துகொண்டு சென்சாரைச் சுத்தம் செய்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இங்கே காற்றில் பறப்பது வெறும் பஞ்சுத் தூசி அன்று என்பதுதான். மேலூர், கீழவளவுப் பக்கத்துக் கருங்கல் குவாரிகள், கிரஷர்கள், எம்-சாண்ட் ஏற்றிச் செல்லும் லாரிகள், வறண்டு கிடக்கும் வைகை மணல், தேய்ந்த பாறையிலிருந்து உண்டான செம்மண் ஆகிய எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்கிறோமே, அதே பொருள்தான். மோ கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸின் எண் 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. ஆகவே ஒரு மணல் துகள் ஃபில்டர் கண்ணாடியின் மேல் கிடக்கும்போது, அதன்மேல் துணியையோ ஸ்வாபையோ (நுனியில் மென்துணி சுற்றிய துடைக்கும் குச்சி) வைத்து இழுத்தால், துகளும் கூடவே இழுபட்டுக் கண்ணாடியில் கீறலை உண்டாக்கிவிடக்கூடும். தூசி படத்தைத்தான் கெடுக்கும், சென்சாரைக் கெடுக்காது. அதை அகற்றும் விதம் சென்சாரையே கெடுக்கக்கூடும்.

எனவே கீழே சொல்லப்படும் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் சோதனை, அடுத்து கேமராவின் சொந்த அதிர்வு, அதன்பின் காற்று, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே ஈரமான ஸ்வாப். ஈரப்பதம் மிகுந்த, மண் தூசி குறைந்த ஊர்களில் இருப்பவர்கள் நேராக ஸ்வாபுக்குப் போவதைக் காணொளிகளில் பார்க்கலாம். அது நமக்கு ஒத்துவராது.

சோதனைப் படம் எடுக்கும் முறை

கேமராவை அப்பர்ச்சர் முன்னுரிமை நிலையில் வைத்து, எஃப்/16 அல்லது எஃப்/22, ஐஎஸ்ஓ 100 என்று அமையுங்கள். லென்ஸ் 50 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் நல்லது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, வானத்தை எடுப்பதானால் ஃபோகஸ் வளையத்தை மிக அருகிலுள்ள தூரத்துக்கும், சுவரை எடுப்பதானால் முடிவிலிக்கும் திருப்புங்கள். எடுக்கப்படும் பொருள் கலங்கித் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பதிவாகும் ஒளியை இரு மடங்காக) கூட்டினால் பின்னணி வெளிறி, புள்ளிகள் எடுப்பாகத் தெரியும். முற்றிலும் வெண்மையாகி விவரம் அழியும் அளவுக்குக் கூட்ட வேண்டாம்.

மாசி, பங்குனி மாதங்களில் காலை வேளையில், சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும் வானமே மிகச் சிறந்த பின்னணி. மற்ற நாட்களில் வீட்டுக்குள் ஒரு வெள்ளைச் சுவர் போதும். சுண்ணாம்பு அடித்த சுவரில் மேடுபள்ளங்கள் இருக்குமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஷட்டர் வேகம் ஒன்று அல்லது இரண்டு வினாடியாக அமையும்படி குறைந்த வெளிச்சத்தில் நின்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கேமராவை மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். சுவரில் இருப்பவை எல்லாம் கலைந்துபோகும். கேமராவோடு சேர்ந்து நகரும் தூசி மட்டும் அதே இடத்தில் நிழலாக நிற்கும். வெள்ளைத் திரையைக் காட்டும் மடிக்கணினியையும் இதே விதமாகப் பயன்படுத்தலாம்.

படத்தைக் கேமராவின் சிறிய திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணினியில் நூறு விழுக்காடு அளவில் திறந்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்டை நன்றாக உயர்த்தி, மேல் இடது மூலையிலிருந்து வரிசை வரிசையாகப் பாருங்கள். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் புள்ளி நீக்கும் கருவியில் உள்ள ‘விஷுவலைஸ் ஸ்பாட்ஸ்’ வசதியை இயக்கினால் வேலை எளிது. கட்டணமில்லாத கிம்ப் மென்பொருளில் ‘லெவல்ஸ்’ கருவியைத் தானியங்கி முறையில் இயக்கினாலும் ஏறக்குறைய அதே பயன் கிடைக்கும். இந்தப் படத்தைத் தேதியிட்டு ஒரு தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பார்ப்பது தூசிதானா?

வியூஃபைண்டர் வழியாகக் கண்ணுக்குத் தெரியும் துரும்பு, உள்ளே மிரர் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் பெரும்பாலும் வியூஃபைண்டருக்குப் பிம்பம் காட்டும் ஃபோகஸிங் ஸ்கிரீனில் இருப்பது. அது படத்தில் வராது, அதற்காகச் சென்சாரைத் தொட வேண்டியதும் இல்லை. லென்ஸின் முன் கண்ணாடியில் இருக்கும் தூசியும் தனிப் புள்ளியாக விழுவது அரிது. ஐயம் இருந்தால் வேறொரு லென்ஸை மாட்டி மீண்டும் எடுங்கள். புள்ளி அதே இடத்தில் இருந்தால் அது சென்சாரில்தான் இருக்கிறது. எந்த அப்பர்ச்சரிலும் மாறாமல், சிவப்பாகவோ நீலமாகவோ பளிச்சென்று ஒற்றைப் புள்ளியாகத் தெரிவது ஹாட் பிக்சல். அதைத் துடைத்து நீக்க முடியாது, பல கேமராக்களில் மெனுவிலேயே அதற்கான பிக்சல் மேப்பிங் வசதி உண்டு.

நூல்போல வளைந்து தெரிவது துணி இழை. ஓரம் கறுத்து நடுப்பகுதி சற்று வெளிறிய வட்டம், காற்றடித்த பிறகும் இம்மியும் நகராவிட்டால், எண்ணெய்த் துளியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஷட்டர் இயக்கத்திலிருந்தே இத்தகைய துளிகள் தெறிப்பதுண்டு. வேள்விக்கு மிக அருகில் நின்று லென்ஸை மாற்றும் திருமண ஒளிப்படக்காரர்கள், நெய்ப் புகையும் உள்ளே போகும் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

புள்ளி இருக்கும் இடத்தைச் சென்சாரில் கண்டுபிடிக்கும்போது பலரும் குழம்புகிறார்கள். லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது. ஆனால் நாம் முன்பக்கத்திலிருந்து சென்சாரைப் பார்ப்பதால் இடவல மாற்றம் நேராகிவிடுகிறது. ஆகவே கேமராவை நிமிர்த்தி, லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட் நம்மைப் பார்க்கும்படி வைத்தால், படத்தில் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி சென்சாரில் கீழ் இடது மூலையில் இருக்கும். சோதனைப் படத்தை மேல்கீழாக மட்டும் புரட்டி ஒரு தாளில் அச்சிட்டு மேசைமேல் வைத்துக்கொண்டால் வேறு கணக்கே தேவையில்லை.

முதல் நிலை: கேமராவின் சொந்த அதிர்வு

ஃபில்டர் கண்ணாடியை மிக வேகமாக அதிரச் செய்து தூசியை உதறும் முறையை ஒலிம்பஸ் நிறுவனம் 2003-இல் இ-1 கேமராவில் கொண்டுவந்தது. கேனான் 2006-இல் வந்த 400டி கேமராவில் சேர்த்தது. இன்று விற்பனையாகும் பெரும்பாலான லென்ஸ் மாற்றும் கேமராக்களில் இது உண்டு. கேமராவை அடிப்பகுதி கீழே படும்படி மேசைமேல் நேராக வைத்து மெனுவிலிருந்து இயக்குங்கள். இரண்டு மூன்று முறை போதும். பத்து முறை இயக்கியதால் பத்து மடங்கு சுத்தமாகிவிடாது. உலர்ந்த, ஒட்டாத தூசிக்கு மட்டுமே இது பயன்படும்.

இரண்டாம் நிலை: காற்று

இதற்கு இடத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, அரை மணி நேரம் அந்த அறையில் யாரும் நடமாடாமல் விடுங்கள். டைல்ஸ் பதித்த, துணிமணிகள் இல்லாத சிறிய அறை இருந்தால் மிக நல்லது. காலையில் பெருக்கி முடித்த கையோடும், சாம்பிராணி போட்ட பிறகும் தொடங்க வேண்டாம். ஆடிக் காற்று வீசும் நாட்களில், குறிப்பாகத் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் இருப்பவர்கள், ஜன்னல் இடுக்கு வழியாகவே மண் வருவதைப் பார்த்திருப்பார்கள். அந்த நாட்களில் இரவு காற்று அடங்கும்வரை பொறுத்திருப்பது நலம்.

பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர் கேமராவில், மெனுவில் கையால் சுத்தம் செய்வதற்கென்று இருக்கும் நிலையைத் தேர்ந்தெடுத்தால் மிரர் உயர்ந்து ஷட்டர் திறந்து நிற்கும். இதற்குப் பதிலாக பல்ப் நிலையைப் பயன்படுத்தி விரலால் ஷட்டரை அழுத்திப் பிடித்திருக்கும் பழக்கம் ஆபத்தானது. விரல் வழுக்கினால் மிரரும் ஷட்டரும் கருவியின் மேலேயே மூடிக்கொள்ளும். மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் பொதுவாகத் திறந்தே இருக்கும், ஆனால் 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர் போன்றவை அணைக்கும்போது ஷட்டரை மூடிக்கொள்கின்றன. அந்த மெல்லிய தகடுகளின் மேல் காற்றை வேகமாக அடிப்பதோ விரலால் தொடுவதோ கூடாது. சுத்தம் செய்யும் நிலையை இயக்கித் திறந்துகொள்ள வேண்டும். கை நடுக்கத்தைச் சரிசெய்யச் சென்சாரே அசையும் நிலைநிறுத்த வசதி கொண்ட கேமராக்களில், சென்சாரைப் பூட்டி நிறுத்துவதற்குக் கையேடு சொல்லும் முறையைக் கட்டாயம் பின்பற்றுங்கள்.

பெரிய ரப்பர் புளோயரை எடுத்து, முதலில் நான்கைந்து முறை வெளியே அழுத்தி அதற்குள் இருக்கும் தூசியை வெளியேற்றுங்கள். கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, சென்சாரைத் திறப்பதற்கு முன்பே மவுண்டின் உட்சுற்றில் காற்றடித்துவிடுங்கள்; அங்கே இருக்கும் தூசிதான் அடுத்து சென்சாருக்குப் போகக் காத்திருப்பது. பிறகு திறந்து, புளோயரின் முனை மவுண்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே போகாதபடி வைத்து, ஏழெட்டு முறை வேகமாக அழுத்துங்கள். அதே நிலையில் சில வினாடிகள் பிடித்திருந்துவிட்டு, உடனே லென்ஸையோ மூடியையோ மாட்டுங்கள்.

வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்றிலிருந்து உந்துவாயு திரவமாகவே தெறித்துக் கறை படியலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் காற்றடித்துத் தருகிறேன் என்று யாராவது அன்போடு சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும், அழுத்தமும் மிக அதிகம்.

இப்போது மறுபடியும் சோதனைப் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். இடம் மாறிய புள்ளிகள் இருந்தால் அவை ஒட்டாத துகள்கள்; இன்னொரு முறை காற்றடித்தால் போய்விடும். ஒன்றிரண்டு புள்ளிகள் எஃப்/22-இல் மட்டும் தெரிந்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் எஃப்/8-இல் தெரியாவிட்டால், அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. சோதனைப் படத்தில் ஒரு புள்ளியும் இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூன்றாம் நிலை: ஈர ஸ்வாப்

இடையில் தூரிகை, ஒட்டும் ஜெல் குச்சி என்ற இரண்டும் உண்டு. தூரிகை முறையாகப் பராமரிக்கப்படாவிட்டால் மவுண்டில் இருக்கும் எண்ணெய்ப் பசையைச் சென்சாருக்குக் கொண்டுபோய்ப் பூசிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஜெல் குச்சி தூசியை இழுக்காமல் நேராக மேலே தூக்கி எடுப்பதால் நம் ஊர் மணலுக்கு ஏற்றதே. ஆனால் சில சென்சார்களுக்கு அதன் ஒட்டும் தன்மை அதிகமாக இருக்கும், ஆதலால் உங்கள் கேமராவுக்கு உரியதா என்று உறுதி செய்துகொண்டே வாங்குங்கள்.

காற்றுக்கும் அசையாத கறைகளுக்கும் எண்ணெய்க்கும் ஸ்வாப்தான் வழி. அதன் அகலம் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும்: 36×24 மி.மீ. முழுச் சட்டகச் சென்சாருக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. ஸ்வாபுகள் கிடைக்கின்றன. உறையிட்டு மூடியவையாக வாங்குங்கள். திரவம் சென்சாருக்கென்றே விற்கப்படுவதாக இருக்க வேண்டும். லென்ஸ் துடைக்கும் திரவம், மருந்துக்கடை ஸ்பிரிட், தண்ணீர் எதுவும் கூடாது. சில சென்சார் திரவங்கள் மெத்தனால் கலந்தவை. மெத்தனால் நச்சு, எளிதில் தீப்பற்றும். ஆகவே சமையலறையிலும் பூஜை விளக்கின் அருகிலும் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கைகளைக் கழுவி உலர்த்திக்கொண்டு, மேலே சொன்னபடி இன்னொரு முறை காற்றடியுங்கள். கல் துகள் ஒன்றேனும் மிஞ்சியிருக்கலாம் என்ற எண்ணத்தோடு இதைச் செய்ய வேண்டும். பிறகு கேமராவை மல்லாத்தி வைத்து, நல்ல விளக்கின் கீழ், உறையைப் பிரித்து ஸ்வாபின் விளிம்பில் இரண்டு அல்லது மூன்று சொட்டுத் திரவம் விட்டுச் சில வினாடிகள் ஊறவிடுங்கள். அது நனைந்திருக்க வேண்டும், சொட்டக் கூடாது. அதிகமானால் ஓரங்களில் கோடு கோடாகக் காய்ந்து நிற்கும்.

சென்சாரின் ஒரு கோடியில் ஸ்வாபைச் சற்றுச் சாய்த்து வைத்து, அதன் நுனி மெல்ல வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, நடுவில் எங்கும் நிறுத்தாமல் மறு கோடி வரை ஒரே சீராக இழுங்கள். மூன்று நான்கு வினாடிகள் ஆகலாம். அங்கே ஸ்வாபைத் தூக்கி, தொடாத மறுபக்கத்தைத் திருப்பி, சாய்வையும் மாற்றி, வந்த வழியே திரும்ப இழுங்கள். அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்குப் போக வேண்டும். இன்னும் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அதைக் கொண்டு மறுபடியும் துடைப்பது, முதல் முறை எடுத்த மணலை மீண்டும் கண்ணாடியில் தேய்ப்பதாகும். முன்னும் பின்னுமாகத் தேய்ப்பதும் கூடாது.

திரவம் ஆவியாகும்வரை பொறுத்து, லென்ஸை மாட்டிச் சோதனைப் படம் எடுங்கள். நடுவில் இருந்த அழுக்கு மூலைகளில் ஒதுங்கியிருப்பது முதல் முறையில் வழக்கமே. புதிய ஸ்வாபால் இன்னொரு முறை செய்தால் போகும். மூன்றாவது ஸ்வாபுக்குப் பிறகும் ஒரு குறி அதே வடிவத்தில் அதே இடத்தில் நின்றால், அது கீறலாகவோ மேற்பூச்சின் சேதமாகவோ கண்ணாடிக்கு உட்புறத்தில் இருக்கும் தூசியாகவோ இருக்கலாம். அதற்குமேல் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். போகும்போது சோதனைப் படத்தை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள், திரும்ப வாங்கும்போது உங்கள் கண்முன்னே எஃப்/16-இல் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கேமரா என்றால், ஸ்வாபைத் தொடுவதற்கு முன்பே அங்கே கேட்டுக்கொள்வது நல்லது. நாமே துடைத்து உண்டாக்கிய சேதத்தைப் பொதுவாக உத்தரவாதம் ஏற்பதில்லை.

ஏற்கெனவே எடுத்த படங்கள்

வானத்தில் விழுந்த புள்ளியை எந்த மென்பொருளின் ஹீலிங் கருவியாலும் நொடியில் நீக்கலாம். ஒரே நாளில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால், லைட்ரூமில் ஒரு படத்தில் செய்த திருத்தத்தை மற்றவற்றுக்கும் நகலெடுக்கலாம். ஆனால் முகத்தின் மீதோ கோபுரச் சிற்பத்தின் மீதோ புள்ளி விழுந்திருக்கும் படங்களைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். கேனான் கேமராக்களில் தூசியின் இடத்தைப் பதிந்துவைத்து, அந்நிறுவனத்தின் மென்பொருளில் நீக்கும் வசதியும், நிக்கானில் அதற்கு ஈடான வசதியும் உண்டு. வெளியூரில் கையில் புளோயர் இல்லாமல் அகப்பட்டுக்கொள்ளும்போது இது கைகொடுக்கும்.

தூசி உள்ளே போகும் இடங்கள்

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்களில் வாடிவாசலுக்கு முன்னால் கொட்டிப் பரப்பும் தேங்காய் நார்க் கழிவு, காளை பாயும் ஒவ்வொரு முறையும் கிளம்பி நிற்கும். அங்கே லென்ஸை மாற்றவே கூடாது. ஒரு ஜூம் லென்ஸோடு முடித்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு பாடிகளில் இரண்டு லென்ஸ்களை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மணலோடு, பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தில் ஒட்டிய மண் புளோயருக்கு அசையாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில், கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மவுண்டைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்திருந்தால் சில வினாடிகளில் முடிந்துவிடும். கழற்றிய மூடியைச் சட்டைப் பையில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பையில் இருக்கும் பஞ்சு மூடிக்கும், மூடியிலிருந்து லென்ஸின் பின்புறத்துக்கும், அங்கிருந்து சென்சாருக்கும் போகிறது. பாடி மூடியையும் லென்ஸ் பின்மூடியையும் கழற்றியபின் ஒன்றோடொன்று திருகி வைத்துக்கொண்டால் இரண்டின் உட்புறமும் வெளியே தெரியாது.

கேமராப் பையின் அடியைத் தடவிப் பாருங்கள்; பெரும்பாலும் விரலில் மண் ஒட்டும். பையைக் காலி செய்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாம். அந்த இயந்திரத்தைக் கேமராவின் அருகில் மட்டும் கொண்டுவர வேண்டாம். ஏசி மண்டபத்திலிருந்து சித்திரை வெயிலுக்குக் கேமராவைக் கொண்டுபோகும்போது, பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் கோத்து, அங்கே இருக்கும் தூசி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். அது தூசிக்காக அன்று, லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதற்காக.